போர்க்கப்பலின் ‘காது’: எதிரி ரேடாரை ஒட்டுக்கேட்கும் கருவிகளை இந்தியக் கடற்படை எப்படி வாங்குகிறது, யார் பராமரிக்கிறார்கள்?

2024-ல் வந்த ஒரு செய்தியை நீங்கள் ஸ்க்ரோல் பண்ணிக் கடந்து போயிருக்கலாம். இந்தியக் கடற்படைக்கு 11 ‘சக்தி’ அமைப்புகள் வாங்க மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. மதிப்பு 2,269.54 கோடி ரூபாய். தயாரிப்பது பொதுத்துறை நிறுவனமான பாரத் எலெக்ட்ரானிக்ஸ், சுருக்கமாக பிஇஎல். (திருச்சியில் இருக்கும் ‘பெல்’ வேறு, இது வேறு.)

சக்தி ஏவுகணை இல்லை, பீரங்கியும் இல்லை. எதிரிக் கப்பலோ விமானமோ ஏவுகணையோ அனுப்பும் ரேடார் அலைகளைப் பிடித்து, அது யாருடையது என்று சொல்லி, தேவைப்பட்டால் அந்த ரேடாரையே குழப்பிவிடும் மின்னணு போர்முறை அமைப்பு. எளிமையா சொன்னால், போர்க்கப்பலின் காது.

அந்தக் காதுக்கு ஏன் இவ்வளவு விலை? வாங்கிய பிறகு 25, 30 வருஷம் அதை யார் பார்த்துக்கொள்வது? வெளிநாட்டிலிருந்து வாங்கினால் என்ன சிக்கல்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், ‘சிகின்ட்’ என்றால் என்ன?

சிகின்ட் என்பது சமிக்ஞை உளவு. மற்றவர்கள் காற்றில் அனுப்பும் மின்காந்த அலைகளைக் கேட்டு, அதிலிருந்து தகவல் எடுப்பது. இதில் இரண்டு முக்கியப் பிரிவுகள் உண்டு.

காமின்ட்: மனிதர்கள் பேசுவது, செய்தி அனுப்புவது ஆகியவற்றைக் கேட்பது. ரேடியோ பேச்சு, தந்தி போன்ற தகவல்கள், டேட்டா இணைப்புகள் எல்லாம் இதில் வரும். உள்ளடக்கம் மறையாக்கம் செய்யப்பட்டு இருந்தாலும், யார், எப்போது, எங்கிருந்து, எவ்வளவு நேரம் பேசினார் என்பதே பெரிய தகவல்தான்.

எலின்ட்: பேச்சு இல்லாத அலைகளை, முக்கியமாக ரேடாரைக் கேட்பது. ரேடார் அனுப்பும் ஒவ்வொரு துடிப்பின் அதிர்வெண், நீளம், இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளி, ஆன்டெனா சுற்றும் வேகம் எல்லாவற்றையும் அளந்தால், அது எந்த வகை ரேடார் என்று கண்டுபிடிக்கலாம்.

‘இஎஸ்எம்’ என்ற சொல்லையும் செய்திகளில் பார்ப்பீர்கள். எலின்ட் நிதானமாகச் சேகரித்து ஆராயும் வேலை. இஎஸ்எம் அதே தொழில்நுட்பத்தைக் கப்பலில் அந்த நொடியில் பயன்படுத்துவது: “வலது பக்கத்திலிருந்து ஒரு ஏவுகணையின் ரேடார் நம்மைப் பார்க்குது” என்று கேப்டனுக்கு உடனே சொல்வது.

இதில் ஒரு இயற்பியல் அனுகூலம் இருக்கு. ரேடார் அலை இலக்கைத் தொட்டுத் திரும்பி வர வேண்டும். இரண்டு வழிப் பயணம். கேட்பவருக்கு ஒரு வழி போதும். அதனால் ரேடார் உங்களைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே நீங்கள் அந்த ரேடாரைக் கண்டுபிடித்துவிட முடியும். அதுவும் நீங்கள் எதையும் ஒலிபரப்பாமல், இருட்டில் உட்கார்ந்தபடியே.

இது உண்மையில் போரை மாற்றுமா?

1971-ல் பாகிஸ்தானின் நீர்மூழ்கிக் கப்பல் காஸி, நமது விமானந்தாங்கிக் கப்பல் ஐஎன்எஸ் விக்ராந்தைத் தேடி வங்காள விரிகுடாவுக்கு வந்தது. கிழக்குப் பிராந்தியக் கடற்படைத் தளபதியாக இருந்த வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் பின்னாளில் எழுதிய விவரம் இது: சிட்டகாங்குக்குப் போன ஒரு பாகிஸ்தான் செய்தி இடைமறிக்கப்பட்டது. அதில் ஒரு குறிப்பிட்ட வகை மசகு எண்ணெய் பற்றி விசாரித்திருந்தார்கள். நீர்மூழ்கிகளிலும் கண்ணிவாரிக் கப்பல்களிலும் மட்டுமே பயன்படும் எண்ணெய் அது. ஒரு நீர்மூழ்கி இந்தப் பக்கம் வருகிறது என்று புரிந்துகொள்ள அது போதுமானதாக இருந்தது.

பதிலுக்கு இந்தியா எதிரியின் காதையே ஏமாற்றியது. விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒளித்துவைத்துவிட்டு, ஐஎன்எஸ் ராஜ்புத் என்ற நாசகாரிக் கப்பலை விக்ராந்த் போலவே ஏராளமான ரேடியோ செய்திகள் அனுப்ப வைத்தார்கள். டிசம்பர் 3-4 இரவில் விசாகப்பட்டினம் அருகே காஸி மூழ்கியது. எப்படி மூழ்கியது என்பதில் இரு நாடுகளும் வேறு வேறு கதை சொல்கின்றன. ஆனால் அது தேடி வந்த கப்பல் அங்கே இல்லை என்பதில் சந்தேகம் இல்லை.

இதற்கு எதிர்மாறான உதாரணம் 1982 ஃபாக்லாந்து போர். மே 4 அன்று பிரிட்டனின் எச்எம்எஸ் ஷெஃபீல்டு கப்பலை அர்ஜென்டினாவின் எக்ஸோசெட் ஏவுகணை தாக்கியது. 20 பேர் இறந்தனர். கப்பலில் இஎஸ்எம் கருவி இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் கப்பலின் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. அதன் அலைகள் இஎஸ்எம்-ஐ மறைத்துவிட்டன. அன்றைய தவறுகளில் இது ஒன்று மட்டுமே என்றாலும், பாடம் தெளிவானது. நல்ல காது வாங்கினால் மட்டும் போதாது. அது கேட்கும்படி கப்பலில் பொருத்தி, கேட்கும்படி வைத்திருக்கவும் வேண்டும்.

இந்தியக் கடற்படையிடம் என்ன இருக்கு?

பொதுவெளியில் உள்ள தகவல்களை மட்டும் பார்ப்போம்.

கப்பல்களில்: ஹைதராபாத்தில் உள்ள டிஆர்டிஓ ஆய்வகமான டிஎல்ஆர்எல் வடிவமைத்து, பிஇஎல் தயாரிக்கும் அமைப்புகள்தான் முதுகெலும்பு. சக்தியை 2021 நவம்பர் 19 அன்று ஜான்சியில் நடந்த விழாவில் பிரதமர் கடற்படையிடம் ஒப்படைத்தார். முதல் அமைப்பு ஐஎன்எஸ் விசாகப்பட்டினம் கப்பலில் பொருத்தப்பட்டது. அப்போது 12 அமைப்புகள் 1,805 கோடி ரூபாயில், 50-க்கும் மேற்பட்ட சிறு, குறு நிறுவனங்களின் உதவியோடு தயாராகி வருவதாக அரசு சொன்னது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் முதல் தொகுதியில் ஒன்று சுமார் 150 கோடி, 2024 தொகுதியில் ஒன்று சுமார் 206 கோடி. “விலை ஏறிடுச்சு” என்று உடனே முடிவு பண்ணிவிட வேண்டாம். இரண்டாவது தொகையில் துணைக் கருவிகளும் சேர்ந்திருக்கின்றன. பாதுகாப்பு ஒப்பந்தங்களில் எதையெல்லாம் சேர்த்து விலை சொல்கிறார்கள் என்று பார்க்காமல் இரண்டு எண்களை ஒப்பிடுவது ஆபத்து.

விமானங்களில்: அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளி தளத்திலிருந்து பறக்கும் போயிங் பி-8ஐ ரோந்து விமானங்களில் இஎஸ்எம் உண்டு. அதே தளத்திலிருந்துதான் 2020 நவம்பரிலிருந்து குத்தகைக்கு எடுக்கப்பட்ட எம்க்யூ-9பி ஆளில்லா விமானங்களும் இயங்கத் தொடங்கின.

விண்வெளியில்: 2019 ஏப்ரல் 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட 436 கிலோ எடையுள்ள எமிசாட். “மின்காந்த அலைகளை அளவிடும் செயற்கைக்கோள்” என்றுதான் இஸ்ரோ சொன்னது. அது எலின்ட் வேலைக்கானது என்பது பாதுகாப்பு வட்டாரங்களில் ரகசியம் இல்லை.

வாங்குவது எப்படி நடக்கும்?

முதலீட்டுக் கொள்முதல், அதாவது புதிய ஆயுதங்கள், கருவிகள் வாங்குவது, ‘பாதுகாப்பு கொள்முதல் நடைமுறை 2020’ என்ற விதித் தொகுப்பின்கீழ் நடக்கிறது. சுருக்கமான வரிசை இது:

1. தகவல் கோரிக்கை: “இப்படி ஒரு கருவி உங்களால் செய்ய முடியுமா?” என்று நிறுவனங்களிடம் கேட்பது. இது டெண்டர் இல்லை.

2. தரத் தேவைகள்: எந்த அதிர்வெண்கள், எவ்வளவு நுண்ணுணர்வு, திசையை எத்தனை டிகிரி துல்லியத்தில் சொல்ல வேண்டும் என்று கடற்படை எழுதுவது.

3. தேவை ஏற்பு: பாதுகாப்பு அமைச்சர் தலைமையிலான கவுன்சில் “ஆமாம், இது தேவை” என்று சொல்வது. செய்திகளில் ‘ஏஓஎன்’ என்று வருவது இதுதான்.

4. விலைப்புள்ளி கேட்பு, தொழில்நுட்ப மதிப்பீடு, களச் சோதனை.

5. விலைப் பேச்சுவார்த்தை, நிதி ஒப்புதல், ஒப்பந்தம். பெரிய தொகை என்றால் பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு வரை போகும்.

மூன்றாவது கட்டம் முடிந்ததுமே “இந்தியா வாங்கியது” என்று தலைப்புகள் வரும். அது தவறு. ஏஓஎன் என்பது கல்யாணத்துக்குப் பெண் பார்க்கலாம் என்று வீட்டில் சம்மதம் சொல்வது மாதிரி. முகூர்த்தம் இன்னும் தூரத்தில் இருக்கு. ஏஓஎன் கிடைத்தும் ஒப்பந்தம் வரை போகாத திட்டங்கள் உண்டு.

எந்த வகையில் வாங்குவது என்பதும் மூன்றாவது கட்டத்திலேயே முடிவாகும். முதல் முன்னுரிமை இந்தியாவில் வடிவமைத்து, உருவாக்கி, தயாரித்த பொருளுக்கு. அதில் குறைந்தது 50 சதவீதம் உள்நாட்டுப் பங்கு இருக்க வேண்டும். கடைசி இடம் நேரடி இறக்குமதிக்கு. 2020 நடைமுறையில் குத்தகையும் ஒரு வழியாகச் சேர்ந்தது.

மற்ற கருவிகளில் உள்நாட்டு முன்னுரிமை என்பது பெரும்பாலும் வேலைவாய்ப்பு, அந்நியச் செலாவணி சார்ந்த வாதம். ஒட்டுக்கேட்கும் கருவியில் அதற்கு இன்னொரு காரணம் இருக்கு.

பெட்டி அல்ல, லைப்ரரி

தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் ட்ரூகாலர் பெயரைக் காட்டும் இல்லையா? அந்தப் பெயர் உங்கள் போனின் திறமையால் வருவதில்லை. பின்னால் இருக்கும் தரவுத்தளத்தால் வருகிறது. தரவுத்தளம் இல்லையென்றால் ஒன்றரை லட்ச ரூபாய் போனும் வெறும் எண்ணைத்தான் காட்டும்.

இஎஸ்எம் கருவியும் அப்படித்தான். அது பிடிக்கும் ரேடார் துடிப்புகளை, உள்ளே ஏற்றிவைத்த ஒரு பட்டியலோடு ஒப்பிடுகிறது. அந்தப் பட்டியலைத்தான் லைப்ரரி என்கிறார்கள். அதில் இல்லாத ரேடார் வந்தால், திரையில் ‘தெரியாதது’ என்று மட்டுமே வரும். ஏவுகணை வர இன்னும் ஒரு நிமிஷம் இருக்கும்போது அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு கேப்டன் எதுவும் செய்ய முடியாது.

லைப்ரரியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அமைதிக் காலத்தில், வருஷக்கணக்கில், கப்பல்களும் விமானங்களும் கேட்டுக் கேட்டுச் சேர்ப்பது அது. போர் தொடங்கிய பிறகு சேர்க்க ஆரம்பித்தால் தாமதம். அதோடு, போரில் மட்டும் பயன்படுத்துவதற்காக ரேடாரின் சில இயக்க முறைகளை நாடுகள் ஒளித்தே வைத்திருக்கும்.

இன்னொரு சிக்கல்: ஒரே குடும்ப ரேடார் பல நாடுகளிடம் இருக்கும். ரஷ்யாவின் ஃப்ரெகாட் வகை ரேடார் நமது தல்வார் ரகக் கப்பல்களிலும் இருக்கு, சீனா ரஷ்யாவிடம் வாங்கிய நாசகாரிகளிலும் இருக்கு. “ஃப்ரெகாட் கேட்குது” என்றால் அது நண்பனா எதிரியா? இதற்காகத்தான் சக்தியில் ‘ரேடார் கைரேகை’ வசதி சேர்க்கப்பட்டது. ஒரே மாடல் ரேடார்களுக்கு இடையிலும் இருக்கும் சின்னச் சின்ன வித்தியாசங்களை வைத்து, இது குறிப்பாக எந்த ரேடார் என்று அடையாளம் காணும் முயற்சி அது. கேட்டதைப் பதிவு செய்து பிறகு ஓட்டிப் பார்த்து ஆராயும் வசதியும் உண்டு.

இப்போது இறக்குமதிக் கேள்விக்கு வாருங்கள். வெளிநாட்டுக் கருவியில் லைப்ரரியை நாமே திருத்தும் மென்பொருள் வசதி ஒப்பந்தத்தில் இல்லையென்றால், புதிதாக ஒரு ரேடாரைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் விற்றவரிடம் போக வேண்டும். “இதைச் சேர்த்துக் கொடுங்க” என்று கேட்கும்போதே, நாம் யாரை, எங்கே, எவ்வளவு நன்றாகக் கேட்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறோம். சோர்ஸ் கோடு, லைப்ரரி உரிமை என்று பேச்சுவார்த்தையில் மாதக்கணக்கில் இழுபடுவது இதனால்தான்.

அப்படியென்றால் இறக்குமதியே கூடாதா?

அப்படி இல்லை. நீண்டதூர ரோந்து விமானமோ, நாள் முழுக்கப் பறக்கும் ஆளில்லா விமானமோ இன்று உள்நாட்டில் தயாராக இல்லை. தேவை இருக்கும்போது வாங்கத்தான் வேண்டும். ஆனால் நிபந்தனைகளும் சேர்ந்தே வரும்.

பி-8ஐ ஒரு நல்ல பாடம். 2009-ல் எட்டு விமானங்களுக்கும் 2016-ல் மேலும் நான்குக்கும் இந்தியா ஒப்பந்தம் போட்டது. ஆனால் அமெரிக்காவின் ரகசியத் தொடர்புக் கருவிகளைப் பெறத் தேவையான உடன்படிக்கையில் இந்தியா அப்போது கையெழுத்துப் போடவில்லை. அதனால் சில கருவிகள் இல்லாமலேயே விமானங்கள் வந்தன. பிஇஎல் உள்ளிட்ட இந்திய நிறுவனங்களின் தொடர்புக் கருவிகள் பொருத்தப்பட்டன. 2018 செப்டம்பர் 6 அன்று ‘காம்காசா’ உடன்படிக்கை கையெழுத்தான பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. விமானத்துக்குக் காசு கொடுத்தாலும், அதன் காதும் வாயும் முழுசாகக் கிடைக்க அரசியல் கையெழுத்து தேவைப்பட்டது.

எம்க்யூ-9பி விஷயத்தில் 2024 பிப்ரவரி 1 அன்று அமெரிக்க அரசு தன் நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிவிப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 31 விமானங்கள், உத்தேச மதிப்பு 399 கோடி டாலர். பட்டியலில் ‘ரியோ கிராண்டே’ என்ற காமின்ட் கருவியும், இத்தாலியின் லியோனார்டோ நிறுவனத்தின் ‘சேஜ் 750’ இஎஸ்எம் கருவியும் இருக்கின்றன. நம் அரசு வாய் திறக்காத விவரங்கள் சில நேரம் விற்பவர் நாட்டுச் சட்டத்தால் வெளியே வந்துவிடும். 2024 அக்டோபர் 15 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. 31-ல் 15 விமானங்கள் கடற்படைக்கு.

பராமரிப்பு: சத்தமில்லாமல் செவிடாகும் கருவி

இஞ்சின் பழுதானால் கப்பல் நிற்கும். எல்லோருக்கும் தெரியும். காது பழுதானால் எதுவும் நடக்காது. திரை ‘ஓகே’ என்று காட்டிக்கொண்டே இருக்கும். கேட்க வேண்டியது கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஆன்டெனாக்கள் கப்பலில் மிக உயரமான பாய்மரக் கம்பத்தில் இருக்கும். உப்புக்காற்று, வெயில், புகைபோக்கியின் சூடு எல்லாம் அங்கேதான். இணைப்பிகளில் அரிப்பு வந்தால் சமிக்ஞை பலவீனமாகும். 3 டெசிபல் இழப்பு என்றால் வரும் ஆற்றலில் பாதி போச்சு. கேட்கும் தூரம் கணக்குப்படி சுமார் 30 சதவீதம் குறையும். 6 டெசிபல் என்றால் தூரம் பாதியாகிவிடும். ஆன்டெனாவின் உறைமேல் தவறான பெயின்ட் அடித்தால்கூட இழப்பு வரும்.

திசையும் அப்படித்தான். கம்பத்தில் புதிதாக ஒரு கருவி வைத்தாலே அலைகள் அதில் பட்டுத் திரும்பி, திசைக் கணிப்பு மாறலாம். 2 டிகிரி பிழை என்பது 100 கிலோமீட்டர் தூரத்தில் சுமார் 3.5 கிலோமீட்டர் விலகல். அதனால் கப்பலை வட்டமடிக்க வைத்து, தெரிந்த ஒரு இடத்திலிருந்து வரும் அலையை வைத்து, அவ்வப்போது அளவைச் சரிபார்க்க வேண்டும்.

வேலை மூன்று அடுக்குகளாக நடக்கும். கப்பலிலேயே மாலுமிகள் பழுதான பெட்டியைக் கழற்றி உதிரிப் பெட்டியை மாட்டுவது முதல் அடுக்கு. ஜாம்நகர் ஐஎன்எஸ் வல்சுராவில் பயிற்சி பெற்ற மின்பிரிவினரின் வேலை இது. கடற்படைத் தளத்துப் பணிமனையில் பெட்டியைத் திறந்து கார்டு மாற்றுவது இரண்டாவது. மும்பை, விசாகப்பட்டினம் போன்ற பெரிய டாக்யார்டிலோ, தயாரித்த நிறுவனத்திலோ முழுமையாகச் சீர்செய்வது மூன்றாவது.

பெரிய தலைவலி, வயசு. கப்பல் 30 வருஷம் ஓடும். உள்ளே இருக்கும் சிப்பின் உற்பத்தி சில வருஷங்களிலேயே நின்றுவிடும். உங்கள் பழைய போனுக்கு பேட்டரி கிடைக்காத அதே பிரச்னை, ஆனால் பல நூறு கோடி ரூபாய் அளவில். வழிகள் மூன்றுதான்: உற்பத்தி நிற்கும் முன் மொத்தமாக வாங்கிவைப்பது, அதே அளவில் புதிய கார்டு வடிவமைப்பது, அல்லது முழு அமைப்பையும் மாற்றுவது. வடிவமைப்பு உங்கள் கையில் இருந்தால்தான் இரண்டாவது வழியை நீங்களே எடுக்க முடியும்.

பணமும் வேறு பையிலிருந்து வருகிறது. கருவி வாங்குவது முதலீட்டுக் கணக்கு. உதிரிபாகம், பழுதுபார்ப்பு எல்லாம் வருவாய்க் கணக்கு. அதற்கு ‘பாதுகாப்பு கொள்முதல் கையேடு’ என்ற தனி விதித் தொகுப்பு. அதன் புதிய பதிப்பு 2025 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தக் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் கோடி ரூபாய் கொள்முதல் நடப்பதாக அரசு சொல்கிறது. விழா நடப்பது முதல் பைக்கு. கப்பல் தயாராக இருப்பது இரண்டாவது பையால்.

இப்போது இன்னொரு முறையும் வருகிறது. உதிரிபாகத்துக்குக் காசு கொடுக்காமல், “இத்தனை சதவீத நேரம் கருவி தயாராக இருக்க வேண்டும்” என்ற பலனுக்குக் காசு கொடுப்பது. எம்க்யூ-9பி-க்கு விமான ஒப்பந்தத்தோடு இப்படியொரு தனி ஒப்பந்தமும் போடப்பட்டது. பெரிய பழுதுபார்ப்பு இந்தியாவிலேயே நடக்க வேண்டும் என்பது அதில் உண்டு. பி-8ஐ விமானங்களின் உடலுக்கான பெரிய பராமரிப்புச் சோதனைகள் ஏற்கெனவே ஓசூரில் நடந்திருக்கின்றன.

பழுதுபார்ப்பில் ரகசியமும் கசியலாம். 2001 ஏப்ரல் 1 அன்று அமெரிக்கக் கடற்படையின் இபி-3 உளவு விமானம், சீனப் போர் விமானத்தோடு மோதி ஹைனான் தீவில் அவசரமாக இறங்கியது. குழுவினர் கருவிகளை அழிக்க முயன்றும் எல்லாவற்றையும் அழிக்க முடியவில்லை. விமானத்தைச் சீனா பிரித்துத்தான் திருப்பிக் கொடுத்தது. ஒரு பழுதான கார்டை நினைவகத்தோடு வெளிநாட்டுத் தொழிற்சாலைக்கு அனுப்புவதும் சின்ன அளவில் அதே ஆபத்துதான். நினைவகத்தைத் தனியாகக் கழற்றிவைக்க முடிகிற வடிவமைப்பு வேண்டும் என்பதை வாங்கும்போதே எழுதிவிட வேண்டும்.

உங்களுக்கு இதில் என்ன?

வரி கட்டுபவராக, அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். இது ஏஓஎன்-ஆ, ஒப்பந்தமா? விலையில் பராமரிப்பு சேர்ந்திருக்கா, எத்தனை வருஷத்துக்கு? லைப்ரரியை நாமே திருத்த முடியுமா? பத்து வருஷம் கழித்து சிப் கிடைக்காவிட்டால் மாற்றி வடிவமைக்கும் உரிமை யாரிடம்? நான்குக்கும் பொதுவெளியில் பதில் கிடைக்காது. ஆனால் முதல் இரண்டுக்குப் பெரும்பாலும் அரசு அறிக்கையிலேயே பதில் இருக்கும்.

வேலை தேடுபவராகவோ ஸ்டார்ட்அப் நடத்துபவராகவோ இருந்தால், ஆன்டெனா, அதிவேக சமிக்ஞைச் செயலாக்கம், எஃப்பிஜிஏ நிரலாக்கம், துடிப்புகளை வகை பிரிக்கும் இயந்திரக் கற்றல் ஆகியவைதான் இந்தத் துறையின் அடிப்படைத் திறன்கள். சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து முனைகளோடு தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் இருக்கு. 2018-ல் தொடங்கிய ‘ஐடெக்ஸ்’ திட்டம் வழியாகச் சின்ன நிறுவனங்களும் ராணுவத்தின் தேவைகளுக்கு விண்ணப்பிக்கலாம். ஒரே எச்சரிக்கை: இந்தக் கருவிகளையும் அவற்றின் தொழில்நுட்பத்தையும் ஏற்றுமதி செய்ய ‘ஸ்கோமெட்’ கட்டுப்பாடுகள் உண்டு. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஒரு டிசைன் ஃபைலை மெயில் பண்ணுவதும் ஏற்றுமதியாகக் கருதப்படலாம். அனுப்புவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.